மூக்கையாவுக்கு வாய்ப்பூட்டு

"அந்த ஆளு வாயைக் கட்டுங்க. இல்ல, எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஊருதான் பதில் சொல்லணும்!"

ஊர்க்கூட்டத்தில் தேவசேனா அழுதேவிட்டாள். பூம்பாறையைத் தாண்டியிருக்கும் அந்த மலைக்கிராமம் அவள் பிறந்த ஊர். வாக்கப்பட்ட திண்டுக்கல்லிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

'அந்த ஆளு' மூக்கையா. அவள் அப்பா வேல்ராஜுக்குப் பங்காளி; பக்கத்துப் பூண்டுத் தோட்டக்காரர். வாய்க்கால் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷமாகிறது. ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

"முன்னெல்லாம் என்னைக்காவது ஒரு நாள் ஏசுவாரு. இப்ப பொழுதன்னைக்கும் வேலியோரம் நின்னுக்கிட்டு, 'ஏலே வேலு, செத்துட்டியாலே?'ன்னு கத்துறாரு. அப்பாவும் பதிலுக்குக் கத்துறாரு. அவரு உடம்பு தாங்குமா?"

"அப்பாவுக்கு என்ன செய்யுது தாயி?" என்றார் ஊர்த்தலைவர் சண்முகராஜ்.

"நெஞ்சுக்குள்ள ஓடுற கரண்டு வயசானா தளர்ந்து போகுமாம். துடிப்பு திடீர் திடீர்னு விட்டுப் போகுது. பேஸ்மேக்கர் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு பூண்டு எடுத்துட்டுத்தான் மதுரைக்கு வருவேங்கிறாரு. அதுவரைக்கும் டென்ஷன் ஆகக் கூடாதுங்க."

கூட்டம் மூக்கையாவை முறைத்தது.

"சீக்காளி மனுசனைப் போயி செத்துட்டியான்னு கேக்கலாமாண்ணே?"

மூக்கையா தலையைச் சொறிந்தார். "சரி தலைவரே, கொறைச்சுக்கிறேன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு."

"இதென்ன மாத்திரையா?"

கூட்டம் சிரித்தது.

"அப்ப ஒண்ணே ஒண்ணு. வெள்ளனே எந்திரிச்சதும் ஒரே ஒரு வசவு மட்டும் ஏசிக்கிறேனே!"

"மூச்! இனிமே நீ வாயத் தெறக்கவும் கூடாது, வேலியத் தாண்டிக் கால் வைக்கவும் கூடாது. வேலப்பர் சாமி மேல சத்தியம் பண்ணு."

மூக்கையா வேண்டாவெறுப்பாகச் சத்தியம் செய்தார். தேவசேனா நிம்மதியாகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினாள்.

ஊர் அமைதியானது. சொல்லுற விதத்துல சொன்னா எவனும் கேப்பான் என்று சண்முகராஜ் டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார். வேல்ராஜ் தனியாக இருந்த அந்த அமைதியான வீட்டுப் பக்கம் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, வேல்ராஜ் வீட்டுத் தகரக்கூரையில் தடதடவென்று கல் விழுந்தது. ஆட்களோடு ஓடி வந்தார் சண்முகராஜ். வேலியைத் தாண்டாமல் தன் தோட்டத்துப் பக்கம் நின்றிருந்தார் மூக்கையா. கையில் இன்னொரு கல்.

"வாயைக் கட்டுனா கல்லை எடுக்கிறியா? நீயெல்லாம் மனுசனா?" ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

மூக்கையா வேல்ராஜ் வீட்டுக் கதவைக் கை காட்டினார். "என்னையப் பெறகு அடிங்கப்பா. வெரசா உள்ள போயிப் பாருங்க. இத்தனை கல்லு விழுந்தும் அந்தப் பய ஒரு கெட்ட வார்த்தை பேசலைப்பா!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த கணம் கதவை உடைத்தார்கள்.

வேல்ராஜ் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தார். மூச்சு இருந்தது. ஜீப்பில் கொடைக்கானல், அங்கிருந்து ஆம்புலன்சில் மதுரை.

பேஸ்மேக்கர் வைத்த டாக்டர் தேவசேனாவிடம் கேட்டார்: "இவரைத் தனியா விடாதீங்கன்னு அப்பவே சொல்லியிருந்தாங்களாமே?"

"ஆமா டாக்டர், நான்தான் விட்டுட்டுப் போயிட்டேன்" என்றவள், அடுத்துக் கேட்டாள்:

"பக்கத்துல ஒருத்தர் சத்தம் போட்டதாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"சத்தத்தால இல்லம்மா. துடிப்பைக் கிளப்பிவிடுற எடமே வயசுல சோர்ந்து போச்சு. நல்லவேளை, யாரோ வெரசாப் பாத்திருக்காங்க."

அப்பாவை ஊருக்குக் கூட்டிவந்த அன்றே தேவசேனா மூக்கையா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"என்னன்னு? பங்காளி மேல பாசம்னா? அதைக் கேட்டா அங்கனயே அவன் நெஞ்சு நின்னுருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மாசி மாசம் தண்ணி கட்டுறப்ப சுருண்டு விழுந்தான் தாயி. ஓடிப் போயித் தூக்குனேன். முழிச்சதும், 'என் தோட்டத்துல உனக்கென்னலே சோலி?'ன்னு வெரட்டிட்டான். கிட்ட போனாத்தான விடமாட்டான்? ஏசுனா பதிலுக்கு ஏசுவான். அந்தச் சத்தம் கேட்டா எனக்குப் போதும்."

தேவசேனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி கவலையில்ல, போ. மிஷினு பாத்துக்கும்" என்றார் மூக்கையா.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வெளியே அப்பாவின் குரல். தேவசேனா பதறி ஓடினாள்.

நெஞ்சுக் கட்டோடு வேலியோரம் நின்று வேல்ராஜ் கத்திக்கொண்டிருந்தார். "ஏலே மூக்கா! விடிஞ்சது தெரியாம பொணமாட்டம் கெடக்கியாலே?"

"அப்பா! உங்க உசுரைக் காப்பாத்துன மனுசன்ப்பா அவரு! இன்னுமா அந்தப் பகை?"

வேல்ராஜ் அவளைக் கையமர்த்திவிட்டு வேலிப் பக்கம் காதைத் தீட்டினார். அங்கிருந்து, காது கூசும்படி ஒரு வசவு பறந்து வந்தது.

அவர் முகம் தெளிந்தது.

"எனக்கு மிஷினு வச்சாச்சு தாயி. அவனுக்கும் என் வயசுதான?"