தினம் ஐம்பது தடவை

“ஒரு நாள் தவறல, ஒரு தடவை குறையல. அப்புறம் எதுக்கு மேடம் என் விரல் இன்னும் விறைச்சுக்கிட்டு நிக்குது?”

போர்மேன் எகிறினார். தொழிற்சாலையில் கொதிகலன் நீராவி அடித்து வலது கை வெந்துபோய் நான்கு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. புதுத்தோல்தான் இறுகிப்போய், விரல்களை மடங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

கைப்பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட், அவர் கொண்டுவந்த அட்டையைப் புரட்டினாள். களிமண் பிசைவது ஐம்பது, பந்து அமுக்குவது ஐம்பது, ஈரத்துணி பிழிவது ஐம்பது. எட்டு வாரமும் கட்டத்துக்குக் கட்டம் டிக். இவ்வளவு ஒழுங்கான நோயாளியை அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு முரண்டு பிடிக்கும் கையையும்தான்!

“சார், பெரிய டாக்டர் கறாரா சொல்லிட்டார். இந்த வாரமும் மடங்கலேன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறமும் பழைய வேலைக்குப் போக முடியுமான்னு சொல்ல முடியாது.”

“அப்போ நான் கேட்ல உக்காந்து போற வர்றவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கணுமா?” போர்மேனின் குரல் சட்டென்று இறங்கியது. உள்ளுக்குள் பயம்தான். அதை மறைக்க மறுபடி கத்தினார். “முப்பது பேரை வேலை வாங்கினவன் மேடம் நான்! உங்க வைத்தியம்தான் சரியில்ல.”

தெரபிஸ்டுக்குச் சுருக்கென்றது. தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, பாவம். பிடியின் பலத்தை அளக்கும் கருவியை எடுத்து நீட்டினாள்.

போர்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். முள் மூன்றைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“மிஷினே ரிப்பேர்!”

ஒருவேளை அப்படித்தானோ? பார்த்துவிடலாமே என்று, பையும் குடையுமாக ஓரத்தில் நின்ற அவர் மனைவியிடம் கருவியைக் கொடுத்தாள். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்த அந்த அம்மாள், கூச்சத்தோடு ஓர் அமுக்கு அமுக்கினாள். முள் முப்பத்தைந்துக்குப் பாய்ந்தது.

“அடேங்கப்பா! ஜிம்முக்கு ஏதும் போறீங்களாம்மா?”

“ஐயோ, எனக்கேது மேடம் நேரம்? நீங்க குடுத்த பயிற்சிக்கே பொழுது சரியாப் போயிடுது” என்றாள் அவள் வெகுளியாக. “இவருக்குக் கை வலிக்குதில்ல... அதனால இவரு எண்ணுவாரு, நான் செய்வேன்.”