பிரின்சியின் ரூட்

"இந்த மாசமும் முட்டைன்னா ஒண்ணாந்தேதிலேந்து வராத பிரின்சி. மேலேந்து சொல்லிட்டாங்க."

ஜெகன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருந்த அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூமுக்கு அவன்தான் மேனேஜர். வாசலில் மஞ்சள் வண்டி துடைத்துத் தயாராக நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு.

"ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு வண்டி வித்துருக்க. இவரு வாங்கற ஆளு. பொன்னேரில ரைஸ்மில்லு. ஹைவேல வுட்டு ஒரு அழுத்து அழுத்தச் சொல்லு, அங்கியே செக் எழுதிடுவாரு. உன் ரூட்டுக்கு இட்டுனு போயி கெடுத்துடாத."

பிரின்சி சட்டையில் கோணலாக இருந்த பேட்ஜை நேராக்கினாள். மற்றவர்கள் பேட்ஜில் ஒரு பெயர்தான் இருக்கும். அவள் கேட்டு வாங்கியதில் இரண்டு. பிரின்சி சின்னதுரை.

வந்தவர் பெயர் பார்த்திபன். நாற்பத்தைந்து வயது இருக்கும். லைசென்ஸை நீட்டினார்.

"நானே ஓட்டி மூணு வருஷம் ஆச்சும்மா. டிரைவர் வச்சிருக்கேன். பையன் காலேஜ் சேர்றான், இந்த வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அதான், நானே ஒருவாட்டி ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்கலாம்னு."

"ஓட்டுனா கை தானா வந்துடும் சார்."

கதவை மூடியதும் வெளிச்சத்தம் அறுந்தது. தரையிலேயே உட்கார்ந்தது போல இருந்தது. அவர் பட்டனை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. பிரின்சி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

கும்மிடிப்பூண்டி வரை அவர் அறுபதைத் தாண்டவில்லை.

"அடுத்த லெப்ட் சார்."

"ஹைவேலயே போலாமேம்மா."

"லாரி ஜாஸ்தி சார். சிப்காட் பின்னாடி ரோடு காலியா இருக்கும். நேர் ரோடு."

"வேற பக்கம் போவ முடியாதா?"

"கம்பெனி ரூட்டே இதான் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இண்டிகேட்டர் போட்டார்.

மணி மூன்று. ஷிப்ட் மாறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டு பக்கமும் கரி படிந்த மதில் சுவர். வெயிலில் தூரத்துத் தார் ரோடு தண்ணீர் போல மின்னியது.

"இப்ப அழுத்துங்க சார்."

எண்பது. நூறு. நூற்றுப்பத்து. முதுகு சீட்டோடு ஒட்டியது. முன்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் தெரிந்தது. வழக்கமாக அதைப் பார்த்ததும் எல்லோரும் இன்னும் அழுத்துவார்கள். அங்கிருந்து ரோடு அவ்வளவு நேர்.

பிரின்சி ரோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் சட்டென்று பிரேக்குக்குத் தாவியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். டயர் கத்தியது. வண்டி ரோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. ரப்பர் கருகிய வாசனை உள்ளே வந்தது.

"சைக்கிளு… பாத்தியாம்மா? காக்கிச் சட்ட. குறுக்க வந்துட்டான்மா."

முன்னால் ரோடு. பின்னால் ரோடு. ஒரு நாய்கூட இல்லை.

"யாரும் இல்ல சார்."

"வந்தான்மா. கேரியர்ல டிபன் பாக்ஸ்கூட…" பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது.

பிரின்சி டிரான்ஸ்பார்மரைப் பார்த்தபடி சொன்னாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒருத்தர அடிச்சிப் போட்டுட்டுப் போய்ட்டாங்க சார். இதே நேரம். ரோலிங் மில்லுல கான்ட்ராக்ட் வேல. ஓவர்டைம் முடிச்சிட்டு ஊட்டுக்கு வந்துகினு இருந்தாரு. அடிச்ச வண்டிய யாரும் பாக்கல. சத்தம் மட்டும் டீக்கட வரைக்கும் கேட்டுச்சாம். இந்த மாதிரி வண்டிச் சத்தம்."

"ஆமா… பேப்பர்ல படிச்ச ஞாபகம்."

"பேப்பர்ல வரல சார்."

இன்ஜின் முனகிக்கொண்டிருந்தது. பார்த்திபன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஆளு… பொழச்சிட்டாரா?"

"இல்ல சார். ஒரு மணி நேரம் இங்கியே கெடந்தாரு. சின்னதுரைன்னு பேரு."

அவர் தலையாட்டினார். பிறகு அவசரமாகப் பேசினார்.

"வண்டி நல்லாருக்கும்மா. நா எடுத்துக்கறேன். இப்பவே ஜெகனுக்கு போனப் போட்டு புக் பண்ணச் சொல்லு. பேரமே வேணாம். மொதல்ல இங்கேந்து கெளம்பலாம்."

ஒரே ஒரு போன். அவள் வேலை நிலைத்துவிடும்.

பிரின்சி கையை நீட்டிப் பட்டனை அழுத்தினாள். இன்ஜின் நின்றது. அவர் ஏதோ கேட்கத் திரும்பினார். அப்போதுதான் அவள் பேட்ஜ் அவர் கண்ணில் பட்டது. முதல் பெயரைத் தாண்டி, இரண்டாவதில் பார்வை நின்றுவிட்டது.

"ரெண்டு வருஷமா எல்லாரையும் இங்கதான் கூட்டினு வரேன் சார்," என்றாள். "இந்த எடத்துல பிரேக் போட்டது நீங்க ஒருத்தர்தான்."