மாத்திரை டப்பாவுக்குப் பூட்டு

"காலம் கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு. அங்க பாரு, ஆஸ்பத்திரி பெஞ்சுலகூட எப்படி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்கன்னு. நடுவுல காத்து போக இடம் இல்ல!"

பூட்டுக்காரர் சத்தமாகவே சொன்னார். மேலுதடு பன் மாதிரி வீங்கிக் கிடந்ததால் பாதி வார்த்தை காற்றாகப் போனது. ஆனாலும் எதிர் பெஞ்சு இளம் ஜோடிக்குப் புரிந்துவிட்டது. கோத்திருந்த விரல்களைப் பிரித்துக்கொண்டார்கள்.

"மெதுவாப் பேசுங்க. காதுல விழுது" என்றாள் மனைவி.

"விழட்டுமே. எதுக்கும் ஒரு கதவு வேணாமா?"

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கவலை அவளுக்கு. தனக்கு ஆகாத வயிற்று எரிச்சல் மாத்திரையை யாரோ சாப்பாட்டில் கலந்து கொடுப்பதாக மாமனார் சொல்லித் திரிகிறார். கொஞ்ச நாளாக அவள் சமைத்ததைத் தொடுவதும் இல்லை. மாமியார்தான் அவருக்குத் தனியாகப் பொங்கிப் போடுகிறாள். அந்த வீட்டில் 'யாரோ' என்றால் வேறு யார்? இன்றைக்கு டாக்டர் வாயால் ஒரு முடிவு தெரியாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

உள்ளே டாக்டரம்மா விளக்கடித்து உதட்டைப் பார்த்தார். தொண்டையையும் பார்த்தார்.

"ஐயா, போன தடவை உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி வந்தீங்களே, அப்பவே சொன்னேன்ல? வயித்து எரிச்சலுக்குப் போடற அந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது, இனிமே தொடவே கூடாதுன்னு."

"தொடல."

"இதுவும் அதே மாதிரிதான் இருக்கு. இப்ப உதட்டோட நிக்குது. நாளைக்குத் தொண்டை வீங்கினா உயிருக்கே ஆபத்து. மறைக்காம சொல்லுங்க."

"மாத்திரையையும் நான் நம்பறதில்ல, அதை எழுதிக் கொடுக்கறவங்களையும் நம்பறதில்ல. நானா போய் முழுங்குவேன்?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "வீட்டுல வேற யாராவது அந்த மாத்திரை சாப்பிடறாங்களா?"

"நான்தாங்க" என்றாள் மனைவி. "நெஞ்செரிச்சல். ஒரு மாசமா மென்னு திங்கற மாத்திரை. ஆனா இவர் பக்கமே போகாது. டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்காரு. சாவி எங்கிட்டதான்."

"நானே செஞ்ச பூட்டு. கள்ளச்சாவிக்கு மசியாது" என்றார் பூட்டுக்காரர். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "கூடவே இருக்கறவங்களுக்குச் சாவி எதுக்கு?" என்றார்.

மருமகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா! உப்பைக் கூடக்குறையப் போட்டிருப்பேன். அதுக்காக உங்க உயிரோடவா விளையாடுவேன்?"

"உன் பேரை நான் சொன்னேனா?"

"சொல்லாம சொல்றீங்களே!"

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. தங்கமான பொண்ணு" என்று மனைவி குறுக்கே விழுந்தாள்.

டாக்டரம்மா கையமர்த்தினார். "மருமக சமையலை நிறுத்தின பிறகும் வீங்குதா ஐயா?"

"வீங்குது."

"அப்ப அவங்க இல்ல."

"தண்ணியில கலந்திருந்தா?"

"எல்லாரும் குடிக்கற தண்ணிதானே? உங்க உதடு மட்டும் எப்படித் தெரியும் அதுக்கு?"

பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். 

"சரி, எப்ப வீங்குது?"

"காலையில கடையைத் திறந்து உட்கார்ந்ததும் அரிக்கும். அப்புறம் வீங்கும். சாயங்காலம் வத்திடும். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணும் இல்ல. அன்னிக்குக் கடை லீவு. பக்கத்து டீக்கடைக்காரன் கிளாசை ஒழுங்காக் கழுவறதில்லன்னு அவன்கிட்டயும் சண்டை போட்டுப் பார்த்தாச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"நீங்க மாத்திரையை எப்பம்மா மெல்லுவீங்க?"

"காலையில. இவர் கடைக்குக் கிளம்பற நேரத்துக்கு."

"மென்னுட்டு வாய் கொப்புளிப்பீங்களா?"

"இல்லீங்களே. எதுக்கு?"

"அப்புறம் என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? இவரை வழியனுப்ப வாசக்கதவு வரைக்கும் போவேன், அங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் டக்கென்று நிறுத்தினாள். கையிலிருந்த டப்பா சாவியை அப்படியும் இப்படியும் திருகினாள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மருமக மேல ஒரு தப்பும் இல்ல. அம்மா, உங்களுக்கு வேற மருந்து எழுதித் தரேன். இனிமே அந்த மாத்திரையே வீட்டுல வேணாம்."

"அத்தை மென்னா மாமாவுக்கு ஏன் டாக்டர் உதடு வீங்குது?" என்றாள் மருமகள்.

மாமியாரின் காது மடல் சிவந்திருந்தது.

பூட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எல்லாம் கட்டுக்கதை! கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து, கடைக்குக் கிளம்பறப்போ கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு, இவளுக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டுத்தான் நான் படி இறங்கறேன். இத்தனை வருஷமா வீங்காத உதடு இப்ப மட்டும் வீங்குமா? யாருகிட்ட கதை விடறீங்க?"

சொல்லிவிட்டு வெளியே வந்தவர், மறுபடியும் விரல் கோத்து உட்கார்ந்திருந்த ஜோடியை முறைத்து, "காலம் கெட்டுப்போச்சு" என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கி நடந்தார்.