இரவல் நாடி

ஆத்திரத்தில் நாடி எகிறினால் ஜெனிலாவின் கைப்பட்டை சிவக்கும். இன்னொரு முறை சிவந்தால் காப்பகத்து வண்டி வந்து அவளைக் கொண்டுபோய்விடும். அதனால் வீட்டில் இருக்கும்போது தாய் அமலி அந்தப் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொள்வாள். வயிற்றில் சுமந்தபோது அவள் குடித்த சாராயம் மகளின் மூளையைக் கெடுத்திருந்தது. தன் நாடியையாவது அவளுக்குக் கொடுக்கலாமே.

அன்று காலை அவசரத்தில் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"பல்ல வெளக்கு, சட்டய மாத்து, பைய எடுட்டி!"

ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் ஜெனிலாவுக்குப் பிடிபடும். திகைத்து நின்றவள் அலறினாள். குழம்புக் கரண்டியை எடுத்துத் தாயின் முகத்தில் மாறி மாறி அடித்தாள். பல் ஒன்று தெறித்து விழுந்தது. அமலி கையை ஓங்கவில்லை. மூச்சை மெல்ல இழுத்து விட்டாள். அவள் கையில் கட்டியிருந்த பட்டை பச்சையாகவே இருந்தது.

"கரண்டிய கீழ வையி, தங்கம்."

இம்முறை அந்த ஒன்றை மட்டுமே சொன்னாள். வெகுநேரம் கழித்துக் கரண்டி தரையில் விழுந்தது. ஜெனிலா மடியில் வந்து உட்கார்ந்து, ரத்தம் வழியும் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கினாள்.

"யம்மா, ஒன்ன யாரு அடிச்சா? சொல்லு, அவங்கள நான் கொல்லுதேன்."

அத்தனை அடிக்கும் அசையாத அமலியின் நெஞ்சு அப்போதுதான் படபடத்தது.

பட்டை சிவந்தது.