ஒரே பந்தி

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களைத் தேனி ரோட்டில் பஸ் இறக்கிவிட்டதிலிருந்து கருத்தக்கண்ணன் பேசிக்கொண்டே வந்தான். மூச்சு வாங்கியது அம்மாவாசிக்குத்தான்.

"ஏலே, பட்டாளத்துல என்ன சாதின்னு எவன் கேட்டான்? ஒரே பந்தி, ஒரே தட்டு. ஊருலயும் அப்படித்தான். எங்க வீட்டுக்குள்ள, எனக்குப் பக்கத்துல உக்காந்து நீ சாப்பிடுற."

"சரிப்பா" என்றான் அம்மாவாசி. பர்மாவிலிருந்தே கேட்டுவரும் பேச்சு. எங்காவது முதுகைச் சாய்த்தால் போதுமென்றிருந்தது அவனுக்கு.

கண்மாய்க்கரை வந்ததும் பேச்சு நின்றது. கரை வளைவுக்கு அப்பால் கருத்தக்கண்ணனின் அப்பா ஆட்களோடு வரும் குரல் கேட்டது.

"அய்யா வாராக" என்று கருத்தக்கண்ணன் அம்மாவாசியின் காதில் கிசுகிசுத்தான். "இங்கனயே இறக்கி விட்ரு. பூட்ஸைக் கழட்டிட்டுத் தள்ளி நில்லு."

அம்மாவாசி அவனை முதுகிலிருந்து இறக்கி, கக்கத்தில் கட்டையைக் கொடுத்தான். பிறகு பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கரைச் சரிவில் இறங்கி நின்றான்.

அப்பா ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"ஒத்தக் காலோட இம்புட்டுத் தூரம் எப்படிடா வந்தே? யாரு தூக்கிட்டு வந்தா?"

"யாருமில்லய்யா" என்றான் கருத்தக்கண்ணன். "நானேதான் நடந்து வந்தேன்."