கோல்கீப்பரின் படம்

பல்கலைக்கழக நடைக்கூடம் முழுக்கக் கண்ணாடித் தூள். வருடம் எழுதிய பந்தை மடியில் வைத்தபடியே பழைய கால்பந்து அணிகள் படச் சட்டங்களோடு தரையில் மல்லாந்து கிடக்கின்றன. கம்பியோடு வந்த கும்பல் ஒவ்வொரு வருடமாக உடைத்து முடித்து, கடைசிப் படத்துக்கு வந்து நிற்கிறது. அதை முதுகால் மறைத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்கிறார், தினமும் இந்தப் படங்களைத் துடைக்கும் பியூன். "என்ன பெரிசு, கோல்கீப்பரா நீ?" என்று ஒருவன் சிரிக்கிறான். "நான் இல்லப்பா, எங்க அண்ணன். இதே மாதிரி ஒரு கலவரத்துல அடிச்சே கொன்னுட்டாங்க. அவன் முகம் இருக்கிறது இந்த ஒரு படத்துலதான்." சிரிப்பு நிற்கிறது. "தள்ளுய்யா!" கம்பி உயர, சன்னல் வெயில் அதன் நுனியில் மின்னுகிறது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடி நொறுங்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டுகிறார். அடி மடேரென்று விழுகிறது. முறிந்தது கைதான், கண்ணாடி இல்லை. அப்பாடா என்றிருக்கிறது அவருக்கு.