சத்தம் வரும் பக்கம்

கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் என்றார் ஸ்பீக்கர்காரர்.

அவ்வளவுதானாம். சோபாவின் வலது பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து போக வழி தேடினார்.

அவருக்கு வலது காது கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜலதோஷம் வந்தது. போகும்போது அந்தக் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு காது இருக்கிறதே, அதனால் பேச்செல்லாம் கேட்கும். சத்தம் எந்தத் திசையில் என்பதுதான் பிடிபடாது. வீட்டுக்குள் போன் அடித்தால் அறை அறையாகத் தேடுவார். நல்லவேளை, மனைவியும் கூடவே தேடுவாள். இருவரும் கண்டுபிடிப்பதற்குள் மணி நின்றுவிடும். கண்ட இடத்தில் வைத்தது யார் என்று முந்திக்கொண்டு திட்டுகிறவருக்கு அன்றைய வெற்றி.

காது விஷயம் இதுவரை யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்தால் கார் சாவி போய்விடும். போன மாதம் கேட் தூணில் ஒரு சின்ன உரசல், அதற்கே டாக்ஸியில் போங்களேன் அப்பா என்று ஆரம்பித்துவிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. சாவியும் போனால் மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அதனால் மனைவியை இடது பக்கமே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். சோபாவிலும் இடது, நடக்கப் போனாலும் இடது. அவள் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லப்போனால் அவருக்கு முன்பாகவே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள். அதையும் அவர் தன் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொண்டார்.

இந்த வம்பை விலைக்கு வாங்கி அனுப்பியவளும் மகள்தான். கல்யாண நாள் பரிசு: ஐந்து ஸ்பீக்கர், அதோடு ஸ்டூல் உயரத்தில் அதிருகிற பெட்டி ஒன்று. ஸ்பீக்கர்காரர் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் மாட்டினார். சோபா நடுவில் காது உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தினார். மின்விசிறியை அணைத்து, புருஷன் பெண்டாட்டி இருவரையும் மூச்சுவிடாமல் நிற்கவைத்து அளவெடுத்தார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். மனிதர் மெஷினை நம்புகிற ரகம் இல்லை.

“மெஷின் சரின்னுடுச்சு சார். காது சரின்னு சொல்லணும்ல?”

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிப் பெட்டியின் முன் குனிந்தார்.

கண்ணை மூடியதும் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் உஸ்ஸென்று மழைச் சத்தம் பிடித்தது. அறை முழுக்க மழை. எந்த மூலையிலிருந்து வருகிறது என்று யாரைக் கேட்பது?

மனைவியைத்தான். அவளுக்குப் பாம்புக் காது என்று தெருவுக்கே தெரியும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறாள். எவளாவது சுருதி விலகினால் சமையலறையில் இருந்தபடியே பெயரைச் சொல்லித் திட்டுவாள்.

அவர் இடது கண்ணை மயிரிழை திறந்தார். அவள் கை போகும் பக்கம் தன் கையும் போனால் வேலை முடிந்தது.

அவள் கை மெல்ல எழுந்தது. இவர் கையும் எழுந்தது.

அது ஜன்னல் பக்கம் கொஞ்சம் போய்த் தயங்கியது. இவரும் போய்த் தயங்கினார். அங்கிருந்து அது திரும்பி, டிவியைத் தாண்டி, சமையலறை வாசலுக்கு நேராக நின்றது. இவர் கையும் பின்னாலேயே போய் கம்பீரமாக நின்றது.

மழை நின்றது. ஸ்பீக்கர்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன சார், அந்தப் பக்கம் நான் ஸ்பீக்கரே வைக்கலையே!”

பாம்புக் காதா தப்புச் செய்தது? அவரால் நம்ப முடியவில்லை. அவள் கையிலிருந்து பார்வையை அவள் முகத்துக்குக் கொண்டுபோனார்.

அவளுடைய வலது கண் மயிரிழை திறந்திருந்தது. அது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாளில் அவருடைய வலது பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவளுடைய இடது பக்கம் அவரும் உட்கார்ந்ததில்லை. யார் யாரை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள்?

மனைவிதான் முதலில் சுதாரித்தாள். அங்கேயும் ஒன்று வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான் காட்டினோம் என்று ஒரு போடு போட்டாள். ஸ்பீக்கர்காரர் அதை நம்பி, டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவரை அளக்கப் போனார்.

அவள் அவருடைய இடது காதருகே சாய்ந்தாள்.

“பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. பாட்டு கிளாஸை நிறுத்தச் சொல்லிடுவா.”

ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் அவரும் நாக்கு நுனியில் வைத்திருந்தார். அவர் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்துக் காட்டி, தன் வலது காதை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க அவருக்கே கண் சரியாகத் தெரியவில்லை.

அப்போது வீட்டுக்குள் எங்கேயோ போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும், எல்லாம் மாட்டியாயிற்றா என்று கேட்பாள்.

இருவரும் எழுந்திருக்கவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை.

“தம்பி, கொஞ்சம் அந்தப் போன் எங்க அடிக்குதுன்னு பாருங்களேன்” என்றாள் அவள்.